முதல் வாரம் குண்டு வேண்டாம்

ஏர் ரைபிள் பழக வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விரல் நேராக ட்ரிகருக்குத்தான் போகும். சினிமாவும் செல்போன் விளையாட்டும் பழக்கியது அது, திட்டிப் பயனில்லை. அந்த விரலை வெளியே எடுக்க வைப்பதுதான் உங்கள் முதல் வேலை. அதனால் முதல் வாரம் பெல்லட் டப்பாவைப் பூட்டியே வையுங்கள்.

துப்பாக்கியை மேசையில், குழல் டார்கெட்டைப் பார்க்க வையுங்கள். பிள்ளை எடுக்கட்டும், திறக்கட்டும், உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்க்கட்டும், பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் சேஃப்டி வயரைக் குழலுக்குள் விட்டுத் திரும்ப வைக்கட்டும். இப்படி இருபது முறை. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, குழல் ஒருபோதும் பக்கவாட்டில் திரும்பாமல். நடுவில் ஒருநாள், “குண்டு இல்ல சார், இப்பதான் பார்த்தேன்” என்பான். “சரி தம்பி, திறந்து காட்டு” என்பதைத் தவிர வேறு பதில் சொல்லாதீர்கள்.

கட்டளைகளையும் அப்போதே பழக்கிவிடலாம்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். சுடும் கோட்டுக்கு முன்னால் ஒருவர் போய்விட்டால், அவர் திரும்பி வரும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஆபத்தாக எதையாவது கண்டால், அங்கே இருப்பவர்களில் சின்னவனும் ‘ஸ்டாப்’ என்று கத்தலாம். கூச்சப்படும் பிள்ளையையே ஒருநாள் கட்டளையிடச் சொல்லுங்கள்; குரல் தானாக எழும்.

அடுத்தது கண். இரு கைகளையும் நீட்டிச் சேர்த்து, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் நகராமல் நிற்கிறதோ அதுவே குறி பார்க்கும் கண். வலது கைக்காரப் பிள்ளைக்கு அது இடது கண்ணாக இருந்தால், எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம், முகம் களைத்துவிடும். சின்ன அட்டையால் மறைத்தால் போதும்.

நிற்பதில்தான் நிறைய நேரம் செலவாகும், ஆகட்டும். போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். சின்ன உடம்புக்கு அது பாரம். எனவே முதலில் உட்கார்ந்து, மணல் மூட்டை மேல் தாங்கலாக வைத்துப் பழகட்டும். பிறகு நிற்கும்போது, பாரம் தசையில் அல்ல, எலும்பில் இறங்க வேண்டும்: வலது தோளில் சுடுபவருக்கு இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்கும். குறி வைத்த நிலையில் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறக்கச் சொல்லுங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக்கூடாது. பாதங்களைச் சற்று நகர்த்த வேண்டும். பெரியவர்களே இதில் ஏமாற்றிக்கொள்வார்கள்.

குண்டில்லாமல் ட்ரிகர் அழுத்தும் பயிற்சி அருமையானது. ஆனால் ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியை அப்படிச் சுட்டால் உள்ளே சேதமாகும். அதற்கென்று அமைப்பு உள்ளதில் மட்டும் செய்யுங்கள்.

இனி 4.5 மில்லிமீட்டர் பெல்லட், 10 மீட்டர் தூரம். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. டார்கெட் அட்டையைத் திருப்பி, வெறும் வெள்ளைப் பக்கத்தில் ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். ஓட்டைகள் எங்கே விழுந்தன என்பது கிடக்கட்டும், எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று பாருங்கள். நெருக்கம் வந்தபின் சைட்டைத் திருப்பிக்கொள்ளலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் கடைசிக் குண்டுக்கு 10.8 புள்ளி; உச்சமே 10.9தான். அந்தக் கதையைப் பெற்றோர் முதல் நாளே ஆரம்பித்துவிடுகிறார்கள், பிள்ளை பாவம்.

பத்து நொடிக்குள் குறி நிற்கவில்லையா, சுடாமல் இறக்க வேண்டும். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது; அவசரமே இல்லை. பத்துப் புள்ளி எடுத்ததற்குத் தலையாட்டுங்கள். சுடாமல் இறக்கியதற்கு வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

பெல்லட் ஈயம். முறுக்குப் பொட்டலத்தை ரேஞ்சுக்குள் கொண்டுவரக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் தின்பண்டம்.

0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் அது பொம்மையாகிவிடாது. ஒரு கண்ணைப் பறிக்க அந்த ஆற்றல் தாராளம். மைனாவும் புறாவும் டார்கெட் அல்ல. வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் இன்னொரு பூட்டில், இரண்டு சாவியும் பெரியவர் கையில். பிறந்தநாளுக்கு வந்த நண்பர்களுக்குச் ‘சும்மா ஒரு தடவை’ காட்டவும் திறக்க வேண்டாம். ஆசைப்படுகிறவர்களை ரேஞ்சுக்குக் கூட்டி வாருங்கள், மேசை மேல் வைத்துக் காட்டலாம்.