நட்சத்திரம் விழுந்த செய்திக் குழுக்கள்: நூஸை மீண்டும் எழுப்புவது எப்படி?

மின்சாரம் போய் வந்துவிட்டது. மோடத்தில் விளக்குகள் எரிகின்றன. பிரவுசரில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. ஆனால் ஈமாக்ஸில் நிறுத்தி வைத்திருந்த நூஸை எழுப்பினால், செய்திக் குழுக்களின் பெயருக்கு முன்னால் எண்ணிக்கைக்குப் பதில் நட்சத்திரக் குறிதான் நிற்கிறது. புதிய செய்திகளைக் கேட்டாலும் வருவதில்லை. பலர் ஈமாக்ஸையே மூடிவிட்டு மறுபடி திறக்கிறார்கள். படித்து முடித்ததாகக் குறித்து வைத்தவை இதில் போய்விடலாம். இரண்டு மூன்று விசைகளில் தீர்கிற விஷயத்திற்கு அந்த நஷ்டம் எதற்கு?

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நூஸ் என்பது ஈமாக்ஸுடனேயே வரும் நியூஸ்ரீடர். ஆங்கிலத்தில் ஜி, என், யூ, எஸ் என்று எழுதுவார்கள். இதன் ஐந்தாம் பதிப்பு 1995 நவம்பரில் ஈமாக்ஸ் 19.30 உடன் சேர்ந்து வந்தது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் புதிய யூஸ்நெட் செய்திகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டதால், இப்போது யூஸ்நெட்டைப் படிக்க இதுபோன்ற ஒரு ரீடர் தேவைப்படுகிறது. இலவசமாகப் பதிவு செய்துகொள்ள எட்டர்னல் செப்டம்பர் போன்ற சர்வர்கள் இருக்கின்றன.

நூஸின் குழுப் பட்டியலில் இஸட் விசையை அழுத்தினால் அது வெளியேறாது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தன் மற்ற பஃபர்களை மூடிவிட்டு ஒதுங்கி நிற்கும். பிறகு ஆல்ட் விசையுடன் எக்ஸ் அழுத்தி, நூஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் விட்ட இடத்துக்கு வந்துவிடலாம். நீங்கள் தூங்கப் போகலாம், சர்வர் அப்படிக் காத்திருக்காது. செய்திகளைக் கொண்டுவரும் என்என்டிபி முறையின் 2006-ஆம் ஆண்டு வரையறை, சும்மா இருக்கும் இணைப்பை சர்வர் துண்டிக்கலாம் என்கிறது. குறைந்தது 3 நிமிடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். துண்டிக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இது கோளாறு அல்ல, இயல்பு. இணைப்பு மூடியதை நூஸ் அறிந்துகொண்டால், அடுத்த முறை கேட்கும்போது தானே புதிய இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். நமக்குத் தெரியக்கூட தெரியாது.

சிக்கல் எப்போது? லேப்டாப்பைத் திறந்ததும் வைஃபை வருவதற்கு முன்பே நூஸை எழுப்பும்போதுதான். சர்வரைத் தொட முடியவில்லை என்றால் நூஸ் அதை மறுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளும். அதன் பிறகு எத்தனை தடவை ஜி விசையை அழுத்தினாலும் அந்தப் பக்கமே போகாது. முயன்று பார்க்காமலேயே முடியவில்லை என்று சொல்லிவிடும். பிடிவாதம் போலத் தெரிந்தாலும் இதில் நியாயம் உண்டு. ஒரே சர்வரில் 10 குழுக்கள் வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காத்துத் தோற்க வேண்டும் என்றால் 10 நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தக் குறியை நீக்க, குழுப் பட்டியலில் இருந்தபடி ^ குறியை அழுத்துங்கள் (ஷிஃப்ட்டும் 6-உம்). சர்வர்களின் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, மறுக்கப்பட்டதா என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். உங்கள் சர்வரின் வரிக்குச் சென்று பெரிய எழுத்து ஓ கொடுங்கள். இணைப்பு கிடைத்தால் நிலை உடனே மாறும். பல சர்வர்கள் வைத்திருப்பவர்கள் பெரிய எழுத்து ஆர் கொடுத்தால் எல்லா மறுப்புக் குறிகளும் ஒரே அடியாக நீங்கிவிடும். க்யூ அழுத்தித் திரும்பி வந்து ஜி கொடுங்கள். நட்சத்திரங்கள் போய் எண்கள் வந்துவிடும். ஒரே ஒரு குழுதான் அவசரம் என்றால் சர்வர் பட்டியலுக்கே போக வேண்டாம். அந்தக் குழுவின் மேல் நின்று ஆல்ட் விசையுடன் ஜி அழுத்தினால், மறுப்பைப் பொருட்படுத்தாமல் அதை மட்டும் கேட்டு வாங்கும்.

இதைவிடத் தொல்லை இன்னொன்று. மோடம் திடீரென்று அணைந்தால், இணைப்பு போன தகவல் நம் கணினிக்கு வராமலே போகலாம். பட்டியலில் திறந்திருக்கிறது என்றே காட்டும். நூஸ் கேள்வியை அனுப்பிவிட்டு வராத பதிலுக்காகக் காத்திருக்க, ஈமாக்ஸ் முழுவதும் உறைந்து நிற்கும். இந்த நேரத்தில் ஈமாக்ஸைக் கொன்றுவிடாதீர்கள். கண்ட்ரோல் ஜி கொடுத்துக் காத்திருப்பை வெட்டுங்கள். பிறகு சர்வர் பட்டியலில் பெரிய எழுத்து சி கொடுத்து மூடி, ஓ கொடுத்துத் திறங்கள்.

கொல்ல வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குழுக்களின் நிலையில் வரும் மாற்றங்களை நூஸ் ட்ரிபிள் என்ற தனிக் கோப்பில் அவ்வப்போது எழுதி வைக்கும். நிரல் முறிந்தால் அடுத்த முறை திறக்கும்போது அதைப் படிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு குழுவுக்குள் நுழைந்து 300 செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்தக் குறிகள் குழுவை விட்டு வெளியே வரும்போதுதான் அங்கே போய்ச் சேரும். அதுவரை அவை அந்தப் பஃபரில் மட்டும்தான். நீளமான குழுக்களில் நான் பாதி வழியில் ஒரு முறை பெரிய எழுத்து இஸட், பிறகு சிறிய எழுத்து எஸ் கொடுத்துவிடுவேன். இது உள்ளே இருந்தபடியே சேமிக்கும். இஸட் கொடுத்து நிறுத்துவதற்கு முன்பும் குழுப் பட்டியலில் ஒரு எஸ் தட்டிவிடுவது நல்லது, ஏனெனில் நிறுத்துவது சேமிப்பதாகாது. சிறிய க்யூவுக்கும் பெரிய க்யூவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனியுங்கள். சிறியது சேமித்து வெளியேறும். பெரியது சேமிக்காமல் வெளியேறும், ட்ரிபிள் கோப்பு மட்டும் மிஞ்சும்.

இணைப்பு கிடைக்காமல் நெடுநேரம் இழுக்கிறது என்றால், நூஸின் அமைப்புக் கோப்பில் என்என்டிபி-கனெக்ஷன்-டைம்அவுட் என்ற மாறிக்கு 15 போன்ற ஓர் எண்ணைக் கொடுங்கள். அத்தனை விநாடிகளுக்குப் பிறகு முயற்சியைக் கைவிடும். முன்னிருப்பாக இதற்கு மதிப்பே கிடையாது, அதாவது காலவரம்பே இல்லை. இது இணைப்பு ஏற்படுத்தும்போது மட்டும்தான் உதவும். மேலே சொன்ன உறைந்த நிலைக்குக் கண்ட்ரோல் ஜிதான். அப்படியும் பிடிபடவில்லையா? என்என்டிபி-ரெக்கார்ட்-கமாண்ட்ஸ் என்ற மாறியை இயக்கிவிடுங்கள். சர்வருக்கு அனுப்பும் கட்டளைகள் நேரத்துடன் ஒரு தனிப் பஃபரில் பதிவாகும், எந்த இடத்தில் நின்றது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.