வில்லங்கம் மண்ணுலயும் இருக்கும்

வீடு வாங்கறதுன்னா நம்ம வீட்டுப் பெரியவங்க பட்டா பார்ப்பாங்க, மூலப்பத்திரம் பார்ப்பாங்க, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பாங்க, வாஸ்துவும் பார்ப்பாங்க. மண்ணைப் பத்தி மட்டும் கேட்கறதில்லை. கோவில்பட்டி, விருதுநகர் பக்கமோ கோயம்புத்தூரில் சில இடங்களிலோ வாங்கறதா இருந்தா முதல் கேள்வியே அதுதான். அங்கெல்லாம் கரிசல் மண். பருத்திக்கு அருமையான மண், அஸ்திவாரத்துக்கு ஆகாத மண்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் கனிமம் அதிகம். மெல்லிய தாள்களை அடுக்கி வச்ச மாதிரி அமைப்பு. நடுவில் தண்ணீர் புகுந்தா தாள்கள் விலகி மண் உப்பும், காய்ஞ்சா சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் வாய் பிளந்த வெடிப்புகளைப் பார்த்திருப்பீங்க. வீட்டுக்கு அடியிலும் அதே மண்தான். ஆனா வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவா மாறாது, ஓரத்தில்தான் மழைக்கும் வெயிலுக்கும் மாறும். மொத்த வீடும் ஒரே அளவில் ஏறி இறங்கினா சுவருக்கு ஒண்ணும் ஆகாது. ஓரம் மட்டும் ஏறி இறங்கறதாலதான் சுவர் விரிசல் விடுது.

"பக்கத்துல மூணு மாடி நிக்குது, நம்ம சின்ன வீடு நிக்காதா?"ன்னு புரோக்கர் கேட்பார். உண்மை தலைகீழ். உப்புற மண் மேல்நோக்கித் தள்ளும்போது, கனமான கட்டடம் எடையால் அதை அமுக்கிப் பிடிக்கும். லேசான தரைத்தள வீட்டால அது முடியாது. அதைவிட லேசானது காம்பவுண்ட் சுவர். அதனால வாங்கப் போற வீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி தெருவில் நடந்து மத்தவங்க காம்பவுண்ட் சுவரைப் பாருங்க. விற்கிறவர் தன் வீட்டுக்குப் புட்டி வச்சு பெயின்ட் அடிச்சிருப்பார், பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடிச்சிருக்க மாட்டார்!

விரிசல் எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சில் வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசலை விடுங்க. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வா, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசலைத்தான் கவனிக்கணும். அது மேலே அகலமாவும் கீழே ஒல்லியாவும் இருந்தா, பெரும்பாலும் வீட்டின் மூலை கீழே இறங்குதுன்னு அர்த்தம். மழைக்காலத்தில் கதவு இறுகறதுக்கு மரம் ஊறுறதும் காரணமா இருக்கலாம். இரும்புக் கதவே இறுகினா சந்தேகப்படுங்க. முடிஞ்சா ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை போய்ப் பாருங்க.

மனை வாங்கறவங்களுக்கு வேலை சுலபம். நம்ம சாயில் லேபில் செய்யற ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸ் சோதனை போதும், அது ஐஎஸ் 2720 பகுதி 40-ல் இருக்கு. 425 மைக்ரான் சல்லடையில் சலிச்ச உலர்ந்த மண்ணை 10 கிராம் வீதம் ரெண்டு ஜாடியில் போட்டு, ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணீர் ஊத்தி 24 மணி நேரம் விடணும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அங்க 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லின்னா இன்டெக்ஸ் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரம் போட யோசிக்கணும்.

அதுக்கு அப்புறம் என்ன வழி? ரூர்க்கி சிபிஆர்ஐ உருவாக்கிய அண்டர்ரீம்டு பைல். காலின் அடிப்பக்கம் குமிழ் மாதிரி, தண்டின் விட்டத்தைப் போல சுமார் இரண்டரை மடங்கு அகலம். கரிசலில் வழக்கமா 3.5 மீட்டர் ஆழம் போகும், ஏன்னா அதுக்குக் கீழே ஈரம் பெருசா மாறாது. கட்டின வீட்டை விற்கிறவர்கிட்ட அஸ்திவார டிராயிங் கேளுங்க. மழுப்பினா விலையைக் குறைச்சுப் பேச வேண்டாம், வேற வீடு பாருங்க. கடன் 20 வருஷம் கட்டப் போறது நீங்கதான்.

மனையில் மேலே கிராவல் கொட்டி செம்மண் மாதிரி காட்டுவாங்க. ஒன்றரை மீட்டராவது தோண்டி, அங்கிருந்து ரெண்டு கிலோ மண் எடுத்துட்டு லேபுக்கு வாங்க.