ஆதார் முதல் பாஸ்வேர்டு வரை: ஆன்லைனில் பத்திரமாக அனுப்ப முழுமையான வழிகாட்டி

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிரிண்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறோம். ஃபைலோ அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், யாருடைய பான் கார்டுக்கோ மார்க்‌ஷீட்டுக்கோ பக்கத்தில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் போகும் வழிக்கு 2016 முதலே முழுப் பாதுகாப்பு உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்.

படி 1: அனுப்பத்தான் வேண்டுமா?

ஓடிபி, யுபிஐ பின், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு ஆகியவற்றைப் பெற்ற பிள்ளைக்குக்கூட அனுப்பாதீர்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, கேட்டால் மோசடி.

படி 2: எட்டு இலக்கத்தை மறையுங்கள்

மைஆதார் தளத்தில் ஆதாரை டவுன்லோட் செய்யும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்பதை டிக் செய்யுங்கள். முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். வெறும் அடையாளம் காட்ட இதுவே போதும்.

அந்த பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. உங்களோடு பள்ளியில் படித்த எவரும் திறந்துவிடுவார்.

படி 3: பூட்டு ஒரு வழி, சாவி வேறு வழி

வேறு ஃபைல்களுக்கு நீங்களே பாஸ்வேர்டு போட்டு மெயிலில் அனுப்புங்கள். பாஸ்வேர்டை போனில் வாயால் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் வைப்பது வீண் வேலை. ஆனால் அலுவலகங்களில் அதுதான் வழக்கம்!

படி 4: பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டியிருந்தால்

பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் செயலியில் ‘செண்ட்’ வசதி உண்டு. எழுத்தாக அனுப்ப இலவசக் கணக்கே போதும். கிடைக்கும் லிங்க்கை ஒரே முறைதான் திறக்கலாம் என்று அமைத்துவிடுங்கள். “திறக்கலையே அண்ணா” என்று தம்பி சொன்னால், வேறு யாரோ முந்திவிட்டார்கள் என்று கொண்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். எனக்கு இதில் பிடித்ததே இந்த எச்சரிக்கை மணிதான். ஒரே முறை பார்க்கவிடும் வாட்ஸ்அப்பின் ‘வியூ ஒன்ஸ்’ ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும். இன்னொரு போனில் படம் பிடிப்பதை எப்படித் தடுக்கும்?

படி 5: துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்

“அண்ணே, அந்த ஃபைலை டெலிட் பண்ணிடுங்க” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் போனில் ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினாலும், கடைக் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட ஃபைல் அப்படியேதான் இருக்கும். ஜிமெயிலில் அழித்ததும் ட்ராஷில் 30 நாள் தங்கும்.

படி 6: கை மீறிப் போனால்

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஆதார் விவரம் கசிந்ததாகச் சந்தேகம் என்றால், மைஆதாரிலேயே கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் திறந்துகொள்ளுங்கள்.