புதர் வெட்டும் இயந்திரம்: பதினைந்து மீட்டர் பாடம்

பெங்களூர் நகரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதன் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கிடைக்கிறது. மழைக்குப் பின் நகரின் வடகிழக்கே உள்ள லிங்கராஜபுரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், காலி மனைகளிலும் சாலை ஓரங்களிலும் இருப்புப் பாதையின் இரு மருங்கிலும் புல்லும் களையும் மண்டிவிடுகின்றன. முன்னர் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு பலர் நாட்கணக்கில் செய்த இவ்வேலையை, இன்று பெட்ரோலில் இயங்கும் புதர் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவரே சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்.

உழைப்பைக் குறைக்கும் இவ்வியந்திரம், முறையறியாது இயக்கப்படும்போது இயக்குபவரின் கண்ணையும் காலையும் பறிக்கக் கூடியது. வழியே செல்வோருக்கும் தீங்கு விளைவிக்கக் கூடியது. ஆகவே இதன் பாதுகாப்பை இயக்குபவரின் சாமர்த்தியத்துக்கு மட்டும் விட்டுவிட இயலாது. இயந்திரத்தை வாங்கும் அலுவலகமும், வேலையைப் பணிக்கும் அதிகாரியும் இதில் பொறுப்புடையவர்கள்.

இயந்திரத்தின் அமைப்பு

நீண்ட குழாயின் ஒரு முனையில் சிறிய பெட்ரோல் எஞ்சினும், மறு முனையில் வெட்டும் தலையும் உள்ளன. குழாயினுள் சுழலும் தண்டு, எஞ்சினின் ஆற்றலைத் தலைக்குக் கொண்டு செல்கிறது. தலையில் புல்லுக்கு நைலான் இழையும், தடித்த களைக்கும் புதருக்கும் உலோகக் கத்தியும் பொருத்தப்படும். நைலான் இழையால் புல் வெட்டும் கருவியை 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ் உருவாக்கினார். மோட்டார் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளே அவருக்கு இந்த யோசனையை அளித்தன.

இயந்திரத்தின் ஆபத்தை ஒரு எளிய கணக்கு தெளிவாக்கும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கத்தி நிமிடத்துக்கு 8,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 105 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 375 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த விளிம்பில் படும் கூழாங்கல்லோ, ஆணியோ, கண்ணாடித் துண்டோ எத்தகைய வேகத்தில் தெறிக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இடைவெளி

இக்காரணத்தால்தான் இயந்திரத்தைச் சுற்றி 15 மீட்டர் தொலைவுக்குள் வேறு எவரும் இருக்கலாகாது என்று உற்பத்தியாளர்களின் கையேடுகள் விதிக்கின்றன. இருவர் அருகருகே வேலை செய்யும்போதும் இதே இடைவெளி வேண்டும்.

இவ்விதி திறந்த வயல்வெளியில் எளிது. நகரத் தெருவில் கடினம். 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். பெங்களூரில் வழக்கமான 30 அடிக்கு 40 அடி மனையின் பரப்போ சுமார் 111 சதுர மீட்டர்தான். ஒரு காலி மனையைச் சுத்தம் செய்யத் தொடங்கும்போதே ஆறு மனைகளின் அளவுள்ள இடம் ஆபத்து எல்லைக்குள் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு வாசல், நிறுத்தப்பட்டுள்ள வாகனங்கள், பள்ளி செல்லும் குழந்தைகள் ஆகிய அனைத்தும் அவ்வெல்லைக்குள் அடங்கும்.

எனவே குடியிருப்புப் பகுதிகளில் இது தனியொருவர் செய்யக் கூடிய வேலையன்று. இருபுறமும் கயிறோ தடுப்போ கட்டி, வழிப்போக்கரை நிறுத்துவதற்கென உதவியாளர் ஒருவரை நியமித்தல் அவசியம். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் தவிர்க்கப்பட வேண்டும். யாரேனும் எல்லைக்குள் வந்துவிட்டால் விசையை விடுவதோடு எஞ்சினையும் நிறுத்த வேண்டும். விசையை விட்ட பின்னரும் கத்தி சில விநாடிகள் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதை மறக்கலாகாது. இயக்குபவரைப் பின்னாலிருந்து தொட்டு அழைப்பது பெருந்தவறு. அவர் திரும்பும்போது கத்தியும் உடன் திரும்பும்.

வேலை தொடங்குமுன் தரையை நடந்து பார்த்து, கல், கம்பி, கண்ணாடிப் புட்டி, துணி ஆகியவற்றை அகற்ற வேண்டும். அகற்ற இயலாதவற்றை, குறிப்பாகப் புதரினுள் மறைந்த எல்லைக் கற்களையும் குழாய்களையும் அடையாளமிட வேண்டும்.

கத்தியின் உதைப்பு

கத்தியைக் கடிகார முகமாகவும், இயக்குபவருக்கு எதிரே உள்ள முனையை 12 மணியாகவும் கொள்வோம். பெரும்பாலான இயந்திரங்களில் மேலிருந்து நோக்கினால் கத்தி இடஞ்சுழியாகச் சுற்றும். 12 முதல் 3 மணி வரையுள்ள பகுதி தடித்த தண்டிலோ கல்லிலோ பட்டால், இயந்திரம் முழுவதும் திடீரெனப் பக்கவாட்டில் உதைக்கப்படும். இயக்குபவர் நிலை தடுமாறக் கூடும். 8 முதல் 12 மணி வரையுள்ள இடப் பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்டுவதே முறை. இயந்திரத்தின் தலையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கலாகாது.

கத்திக்கு மேலுள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தகடு இருந்தால் புல் சிக்கிக்கொள்கிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். தெறிக்கும் கல்லுக்கும் இயக்குபவரின் காலுக்கும் இடையே உள்ள ஒரே தடுப்பு அதுவே. உற்பத்தியாளர் அனுமதிக்காத கத்திகளும் இவ்வாறே தீங்கானவை. சங்கிலிக் கண்ணிகள் கோத்த வெட்டுத் தலை ஒன்று உடைந்து தெறித்ததால் 2010 ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஓர் உயிரிழப்பு நேர்ந்தது. அதைத் தொடர்ந்து அத்தகைய உலோகத் தலைகளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஆம் ஆண்டில் தடை செய்தது.

கண்ணைக் காத்தல்

கண்ணில் தெறிப்பது கல்லாக இல்லாமல் வெறும் புல் துணுக்காக இருந்தாலும் அதை அற்பமாகக் கருதலாகாது. தாவரப் பொருளால் கருவிழியில் ஏற்படும் சிராய்ப்பின் வழியே பூஞ்சைக் கிருமிகள் புகுந்து புண்ணை உண்டாக்கும்; பார்வை பறிபோகும். மதுரை மாவட்டத்தில் 1993 ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு ஒன்றின்படி, ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில மாவட்டம் ஒன்றில் இவ்விகிதம் லட்சத்துக்கு 11 மட்டுமே. மதுரையில் ஆராயப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் முன்னதாகக் கண்ணில் அடிபட்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நேப்பாளத்தின் பக்தபூர் வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2001 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நம்பிக்கை தரும் செய்தியை அளித்தது. சிராய்ப்பு ஏற்பட்ட 18 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்புக் களிம்பு இடப்பட்டவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. ஆகவே கண்ணில் உறுத்தல் தோன்றினால், கசக்காமல், அன்றைய தினமே கண் மருத்துவரை நாட வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்குமாயின் பூஞ்சைப் புண் மேலும் பரவும்.

வலைத் திரையுள்ள முகக் கவசம் மட்டும் போதாது. வலையினூடே நுண் துகள் நுழையும். அதன் உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும். தலைக் கவசம், உறுதியான முழுக்கால் ஆடை, முன்புறம் உலோகத் தகடு பதித்த காலணி, கையுறை ஆகியவையும் தேவை. செருப்பும் மடித்துக் கட்டிய வேட்டியும் இவ்வேலைக்கு உகந்தவையல்ல.

இரைச்சலும் எரிபொருளும்

இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபெல் அளவை எட்டக் கூடும். 85 டெசிபெல் இரைச்சலை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்றும், 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில் நல நிறுவனம் வகுத்துள்ளது. அக்கணக்கில் 100 டெசிபெல்லுக்கு உரிய நேரம் 15 நிமிடங்களே. எனவே காதடைப்பு இன்றியமையாதது. இடைவிடாத அதிர்வு விரல்களில் இரத்த ஓட்டத்தைக் குறைத்து மரத்துப்போகச் செய்யும். அடிக்கடி ஓய்வு தேவை.

இரட்டை வீச்சு எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலக்க வேண்டும். 50 க்கு 1 எனில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25 க்கு 1 எனில் 40 மில்லிலிட்டர். எது உரியது என்பதைக் கையேடு கூறும். நமது நாட்டில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025 ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்குமாதலால், கலவையைத் தேவைக்கேற்பக் கலந்து விரைவில் பயன்படுத்திவிடுவது நன்று. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்ட பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகிச் சென்று முடுக்க வேண்டும்.

இயந்திரம் தேவைதானா?

காலி மனைகளில் காணப்படும் பார்த்தீனியம் களை, தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது. இயந்திரம் அதன் சாற்றையும் மகரந்தத்தையும் எங்கும் தெளிக்கும்; வெட்டிய அடிக்கட்டையோ மீண்டும் துளிர்க்கும். பூக்கும் முன்னர், ஈரமண்ணிலிருந்து, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே பயன் தரும். இக்களையின் இலைகளைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டு பெங்களூரில்தான் 1984 ஆம் ஆண்டில் முதலில் விடப்பட்டது. இயந்திரத்தை எங்கு பயன்படுத்தலாகாது என அறிவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

அலுவலகத்தின் கடமை

தோட்ட வேலை முறையாகக் கற்பிக்க வேண்டிய தொழில் என்பதற்கு லிங்கராஜபுரத்திலேயே சான்று உண்டு. என். எஸ். ஹேமா 1959 ஆம் ஆண்டில் தொடங்கிய மாற்றுத் திறனாளிகளுக்கான சங்கம் இங்கிருந்து செயல்படுகிறது. அது அளிக்கும் பயிற்சிகளில் தோட்டக்கலையும் ஒன்று. ஆனால் புதர் வெட்டும் இயந்திரமோ, பல வேளைகளில், அன்று காலை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளியின் தோளில் பயிற்சி எதுவுமின்றி ஏற்றப்படுகிறது.

இயந்திரம் வாங்குவதற்கான கோரிக்கையில் கவசம், கண்ணாடி, காதடைப்பு, காலணி, பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்து விலை கோருதல் வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும்போது இவற்றுடன் உதவியாளரின் கூலியும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். வாடகைக்கு இயந்திரம் அளிக்கும் நிலையங்கள் பாதுகாப்புச் சாதனங்களின்றி அதை வெளியே அனுப்பலாகாது. இவற்றுக்கான செலவு இயந்திரத்தின் விலையை நோக்கச் சிறிது. செலவு மிச்சம் என்று இவற்றை விட்டுவிட்டால், அதற்கான விலையை ஒரு தொழிலாளி தன் பார்வையால் செலுத்த நேரிடும்.