மழையில் ஒரு கடலோரப் பயணம்

கேள்வி: மழை நாளில், எந்தத் திட்டமும் இல்லாமல், நானும் கணவரும் கோல சிலாங்கூர் பக்கம் காரில் போய்வரலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: தாராளமாகப் போங்கள். கூட்டரசுச் சாலை 5-இல் கடல் அதிகம் கண்ணில் படாது; கரையெல்லாம் சேறும் அலையாத்திக் காடும்தான். அழகு ஆற்றில் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாசிர் பெனம்பாங். ஆற்றோரக் கடையில் நண்டுக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள். கரையில் கட்டிய மீன்பிடிப் படகுகள் மழையில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு தஞ்சோங் காராங் வழியே செகிஞ்சான். நனைந்த வயல்பச்சைக்கு ஈடே இல்லை! கம்போங் குவாந்தான் மின்மினிகளை மட்டும் இன்னொரு நாளைக்கு வையுங்கள். அடைமழையில் அவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது. மழை கொட்டும்போது லாரிகளை முந்தாதீர்கள். இருட்டுமுன் வீடு திரும்புங்கள்.