தொடைத் தசை உணர்த்தும் கண்ணோய்

வகுப்பிலே இமை தாழ்ந்து, மோவாயை உயர்த்திக் கரும்பலகையை நோக்கிய மாணவனொருவனை, "நித்திரையோ தம்பி?" என்று ஒருகால் கடிந்துகொண்டேன். அது சோம்பலன்று, நோயென்று பின்னர் அறிந்து நாணினேன். அந்நாணமே இச்சிறு கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன; மேலிமையை உயர்த்துவது வேறொரு தசை. இவை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வலியிழக்க, இமைகள் தாழ்ந்து, விழிகள் எப்பக்கமும் திரும்பமாட்டாது நிற்கும் நோயொன்றுளது. இதனை நரம்பின் கேடென்றே முன்னர்ப் பலர் கருதினர். 1951 ஆம் ஆண்டில் கைலோ, நெவின் என்னும் வைத்தியர் இருவர் இது தசையின் நோயென வற்புறுத்தினர்.

அங்ஙனமாயின், சோதித்தற்குக் கண்ணின் தசையையே வெட்டவேண்டுமோ? பெரும்பாலும் வேண்டுவதில்லை. இந்நோயின் அடையாளம் உடலின் ஏனைய தசைகளிலும் காணப்படும். ஆதலின் தொடையிலோ மேற்புயத்திலோ சிறு துண்டொன்றை எடுத்து, உறையச்செய்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமூட்டி, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். இதுவே 'பயொப்சி' எனப்படும் இழையச் சோதனை. கலங்களுக்கு ஆற்றலளிக்கும் இழைமணிகள் பழுதுற்றுப் பெருகித் தசைநாரின் ஓரத்திற் குவிந்திருப்பின், 1963 இல் ஏங்கல், கன்னிங்காம் என்போர் திருத்தியமைத்த சாயமுறையில் அந்நார் கந்தற்றுணி போன்ற செந்நிற விளிம்புடன் தோன்றும்.

1988 இல், தசைநோயாளர் சிலரின் இழைமணி மரபுப்பொருளில் ஒரு பகுதி அற்றுப்போயிருத்தல் கண்டறியப்பட்டது. இக்குறை குருதியிற் புலப்படாது தசையில் மாத்திரம் புலப்படுதலுமுண்டு. மரபணுச் சோதனை வளர்ந்த இக்காலத்தும் தசைத்துண்டின் பெறுமதி குன்றாமைக்குக் காரணம் இதுவே.

எனினும், இமை தாழ்ந்தார் யாவருக்கும் இச்சோதனை வேண்டியதன்று. காலையில் நன்றாயிருந்து மாலையில் இமை சோரும் மயஸ்தீனியா என்னும் நோயைக் குருதிச் சோதனையாலும் நரம்புச் சோதனையாலும் பெரும்பாலும் துணியலாம், அதற்கு மருந்துமுண்டு.

முன்னர்க் கூறிய நோய்க்கோ முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. பின் நோயறிந்து பயன் யாது? 1958 இல் கேர்ண்ஸ், சேயர் என்னும் இருவர் இதன் ஒருவகையை விளக்கினர். இருபது வயதுக்கு முன்னரே தோன்றும் அவ்வகையில் விழித்திரையும் கெடும். இதயத் துடிப்பைச் செலுத்தும் பாதையும் தடைப்படும். உரியகாலத்தில் அறிந்து இதயமுடுக்கி பொருத்தின் உயிர் காக்கலாம். இமையிற் கண்ட குறி இதயத்தைக் காக்க உதவுகின்றது.

ஆதலின், ஆசிரிய நண்பர்களே, தாழ்ந்த இமையைக் கண்டவிடத்துக் கடியாது, முதலில் வைத்தியரை நாடச் செய்வோமாக.