எங்கே தொடங்கியது? யப்பானின் இரண்டாண்டுக் கல்லூரியும் எங்கள் ஊர்ப் பாலிகாவும்

கேள்வி: யப்பானில் பெண்பிள்ளைகள் மட்டும் இரண்டே வருடம் படித்துவிட்டு வெளியேறும் கல்லூரிகள் இருப்பதாக, அங்கே போய் வந்த என் மச்சான் சொல்கிறார். அந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது? நம் கரையில் அதற்கு ஈடாக ஏதேனும் இருந்ததா? (வாசகி, சாய்ந்தமருது)

பதில்: உங்கள் மச்சான் சொன்னது பெரும்பாலும் சரி, 'பெண்பிள்ளைகள் மட்டும்' என்ற இடத்தில்தான் ஒரு சிறு திருத்தம் வேண்டியிருக்கிறது. யப்பானியர் 'டான்கி டைகாக்கு' என்றும், பேச்சுவழக்கில் சுருக்கி 'டான்டாய்' என்றும் வழங்கும் இந்தக் குறுகியகாலக் கலாசாலை பெண்களுக்கென்று பிறந்ததன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்று, அமெரிக்கப் படைகளின் மேற்பார்வையில் தன் கல்விமுறை முழுவதையும் மாற்றி அமைத்துக்கொண்ட அந்நாடு, பழைய தொழிற்கல்விக்கூடங்களையெல்லாம் நான்காண்டுச் சர்வகலாசாலைகளாக உயர்த்த முனைந்தபோது, கட்டடமும் நூலகமும் ஆசிரியர் தொகையும் போதாமல் பின்தங்கி நின்ற ஸ்தாபனங்களை என்ன செய்வது என்ற சங்கடத்துக்குத் தற்காலிகப் பரிகாரமாக 1949ஆம் ஆண்டிற் சட்டத்தைத் திருத்தி, 1950இல் 149 கலாசாலைகளை இரண்டாண்டு அல்லது மூன்றாண்டுப் படிப்போடு நடத்த இடங்கொடுத்தது. தற்காலிகம் என்று போட்ட கொட்டில் நிரந்தர வீடாகிவிடுவது நமக்கு மட்டும் உரிய விசேஷமன்று. 1964இல் அதைச் சட்டமே நிரந்தரமாக்கிவிட்டது.

தொடக்க காலத்தில் அங்கே ஆண்களே அதிகம். ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெண்கள் அவர்களை மிஞ்சினார்கள். 1990களில் மாணவர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். சட்டம் ஒன்றை நினைத்துச் செய்ய, தாய் தகப்பன்மார் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்ட கதை இது. மகள் நான்கு வருடம் தலைநகரில் விடுதியில் இருந்து படித்து வெளியேறும்போது வயது இருபத்திரண்டாகிவிடும், கலியாணப் பேச்சுத் தள்ளிப்போகும் என்று அஞ்சிய குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்தே ரயிலேறிப் போய்வரக்கூடிய தூரத்தில், இருபது வயதில் முடிந்துவிடும் படிப்பு மனத்துக்கு இசைந்தது. கம்பனிகளும், பெற்றோர் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் இளம்பெண்களையே விரும்பி எடுத்தன. மனையியல், இலக்கியம், ஆங்கிலம், தாதியியல், பாலர் கல்வி ஆகியவையே பெரும்பாலும் பாடங்கள். நான்காண்டுப் பட்டத்துக்குக் குறைந்த ஒரு தகைமைக்கு 62 அலகுகள் முடித்தாக வேண்டும். பாலர் கல்வி படிப்பவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. சின்னஞ்சிறு அறைகளில் வரிசையாகப் பியானோக்கள் வைத்திருப்பார்கள். வாழ்நாளில் இசைக்கருவியைத் தொட்டிராத பிள்ளைகளும் ஆளுக்கோர் அறையிற் புகுந்து, பாலர் பாட்டு ஒன்றைத் தடவித் தடவி வாசித்துப் பழகியே ஆகவேண்டும். பங்குனி மாதத்துப் பட்டமளிப்பு நாளில் மட்டும், மெய்ஜி சக்கரவர்த்தி காலத்து மாணவிகள் உடுத்திய 'ஹகாமா' என்னும் மடிப்புப் பாவாடையைக் கிமோனோவின் மேல் அணிந்து வருவார்கள்.

அந்த மெய்ஜி காலத்தையும் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானிய அரசு ஐந்து பெண்பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்களில் மிக இளையவளான ட்சூடா உமேகோவுக்கு அப்போது ஆறு வயது. பதினோராண்டு கழித்துத் திரும்பி வந்தபோது தாய்மொழியையே மறந்துவிட்டிருந்த அந்தப் பெண், பிற்காலத்தில் இன்னொரு முறையும் அமெரிக்கா சென்று படித்துவந்து, 1900இல் பத்து மாணவிகளோடு தோக்கியோவில் ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்; அதுவே வளர்ந்து இன்று ட்சூடா சர்வகலாசாலையாக நிற்கிறது. 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்பதே பெண்கல்வியின் இலட்சியமாக முழங்கிய அந்நாட்களில், ஆசிரியையாகித் தன் காலில் நிற்கும் பெண்ணை அவர் மனத்திற் கொண்டிருந்தார்.

இனி நம் கிழக்குக் கரைக்கு வருகிறேன்.

நிந்தவூரிலோ மருதமுனையிலோ அக்கரைப்பற்றிலோ வீடு பெண்ணுக்குரியது என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மகள் பிறந்த நாள் தொட்டு வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். குடிகூடத் தாய் வழியாகத்தான் இறங்கி வரும். ஆக, நம் பெண்பிள்ளை பிறந்த வளவிலேயே வாழ்ந்து முடிப்பவள். அப்படியிருக்க, வளவின் சொந்தக்காரியை வெளியூர் விடுதிக்கு அனுப்பிப் படிப்பிப்பதென்பது, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற சமூகங்களைக் காட்டிலும் நமக்கு இரட்டிப்புச் சிரமமாயிருந்தது. பெண்கல்வி பிந்தியதற்கு மார்க்கத்தைக் காரணங்காட்டுவோர் உளர். நான் அதை ஒப்புவதில்லை. கிடுகு வேலிக்குள்ளே ஓதிக்கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர்; அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகளைப் படித்த மூத்தம்மாமாரும் இருந்தார்கள். தடையாக நின்றது தூரம்.

என் மூத்த ராத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அடுத்த வகுப்பு அரைக் கட்டை தள்ளியிருந்தது, அவ்வளவுதான். புத்தகங்களைச் சீலைத்துண்டில் முடிந்து பெட்டகத்தின் அடியில் வைத்திருந்ததை நான் வளர்ந்த பின்பும் கண்டிருக்கிறேன்.

தூரத்தைத் தாண்டுவதற்கு மிஷனரிமார் கண்ட வழி விடுதி. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை அதற்குப் பேர்போன உதாரணம். முஸ்லிம்களிடையே, அறிஞர் சித்தி லெப்பை கண்டியில் 1890களின் தொடக்கத்திலேயே பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். ஆனால் கண்டி எங்கே, கல்முனை எங்கே! 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1949இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. அதற்கும் 22 ஆண்டுகள் கழித்து, 1971இல், பெண்களுக்கென்றே தனியாக, ஊரார் 'பாலிகா' என்றழைக்கும் இன்றைய மஹ்மூத் மகளிர் கல்லூரி தோன்றியது. அந்நாளைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் பெயரே அதற்கு இடப்பட்டது. ட்சூடா உமேகோ கப்பலேறி நூறாண்டு சென்ற பின், கல்முனைப் பெண் தன் ஊருக்குள்ளேயே நடந்து போனாள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இதனை யப்பானிய டான்டாயோடு ஒப்பிடலாமா என்றால், பெயரளவிற் கூடாது. மஹ்மூத் பாடசாலைதான், கலாசாலையன்று. இரண்டாண்டுப் படிப்பு என்ற வடிவத்துக்கு நெருங்கியது, உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் ஈராண்டு பாடங்கேட்டு, மூன்றாமாண்டு பாடசாலைகளிற் பயிற்சி பெறும் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரி. தமிழகத்தில் இடைநிலை வகுப்பு ஈராண்டு மட்டும் நடத்திய 'இரண்டாந்தரக் கல்லூரிகள்' இருந்தன. மதுரை லேடி டோக் கல்லூரி 1948இல் அவ்வாறே தொடங்கியது. ஆனால் செய்த காரியத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பாடசாலையே டான்டாயின் உடன்பிறப்பு. அங்கே ரயில் தூரம், இங்கே நடை தூரம். இரண்டும் பெண்ணை வீட்டிலிருந்து பிரிக்காமற் படிப்பை அவளிடம் கொண்டுவந்தன.

அந்தக் காரியம் முடிந்ததும் அங்கே டான்டாய் தேயத் தொடங்கிவிட்டது. 1996இல் 598 ஆக உச்சத்தில் நின்ற டான்டாய்களின் தொகை இப்போது ஏறக்குறையப் பாதி. அதே 1996இல்தான் அந்நாட்டுப் பெண்களில் நான்காண்டுச் சர்வகலாசாலைக்குப் போனவர்கள் டான்டாய்க்குப் போனவர்களை முதன்முறையாக மிஞ்சினார்கள். அந்த ஆண்டே, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நம் தென்கிழக்கு, முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொள்ளலாயிற்று. யுத்தத்தால் இடம்பெயர்ந்த மாணவர்களுக்காக அந்நாளைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் முயன்று பெற்றது அது. அவர் மனத்தில் இருந்தவர்கள் அம்மாணவர்களே ஆயினும், அப்பல்கலைக்கழகத்தால் மிகுந்த பயனடைந்தவர்கள் பஸ்ஸில் அரைமணி நேரத்தில் ஒலுவிலில் இறங்கிவிடும் நம் குமர்ப்பிள்ளைகளே.

கேள்வி: 'பாலிகா' என்பது எந்த மொழி? தமிழ்ப் பாடசாலைக்கு அந்தப் பெயர் எதற்கு? (வாசகர், நற்பிட்டிமுனை)

பதில்: வடமொழி. பாலன் ஆண்பிள்ளை, பாலிகா பெண்பிள்ளை. 'பாலிகா வித்தியாலயம்' என்று சிங்களப் பெண்கள் பாடசாலைகளுக்கு வழங்கிய பெயர் கல்வித் திணைக்களத்தின் வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது. கலியாணப் பந்தலில் நவதானியம் முளைவிடும் முளைப்பாலிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'மகளிர் கல்லூரி' என்று மாற்றியது நல்லது. 'மகளிர்' சங்கத்தார் சொல், 'கல்லூரி' சீவக சிந்தாமணியிலேயே வருகிறது. ஆயினும் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாகப் பிரதான வீதியைக் கடக்கும் பிள்ளையை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேளுங்கள்; 'பாலிகாவுக்கு' என்றுதான் சொல்லுவாள்.

பின்குறிப்பு: 1971இல் அந்தப் பாடசாலையின் முதல் வகுப்புகளில் அமர்ந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கியிருப்பார்கள். அந்நாளைய வகுப்பறை, சீருடை, முதல் ஆசிரியைகள் பற்றி நினைவிருப்பவர்கள் இந்தப் பத்திக்கு எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.